போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம்

ஆடிக்காற்று அடங்கி ஆவணி பிறந்த அன்றைக்கு, கோணவலசிலிருந்து வெள்ளைக்கரடு என்ற குன்றைத் தாண்டிச் செவ்வாய்ச்சந்தைக்குப் போகிற சரளைக்கல் ரோடு, போகும்போதும் இறக்கம் வரும்போதும் இறக்கம் என்று ஆகிவிட்டது. அதை முதலில் கண்டுகொண்டவர் பால்கார மாரப்பன், ஆனால் அவர் வழக்கமான ஏற்றம் வரும் என்று நம்பித் தம் கட்டி ஒரு மிதி மிதித்ததில் சைக்கிள் பிய்த்துக்கொண்டு ஓடி இரண்டு கேன் பாலையும் வேலிக்குள் கொட்டிவிட்டதால், ஊர் அன்று முழுக்கப் பேசியது ரோட்டைப் பற்றி அல்ல, பாலைப் பற்றித்தான்.

மறுநாள் மற்றவர்களும் போய்ப் பார்த்தார்கள். கோணவலசிலிருந்து கிளம்பினால் சைக்கிள் தானாக உருண்டு, கரட்டின் இடுப்பைச் சுற்றி, கணவாயைக் கடந்து, சந்தை மைதானத்தில் போய் நின்றது. சந்தையிலிருந்து கிளம்பினாலும் அதே மாதிரித் தானாக உருண்டு, அதே கணவாயைக் கடந்து, கோணவலசு டீக்கடை முன்னால் வந்து நின்றது. எதிரெதிரே இறங்கி வருகிற இரண்டு பேர் நடுவழியில் சந்தித்தால், சௌக்கியமா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு இருவருமே இறங்கிப் போனார்கள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ரோட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, யாராவது காலால் தள்ளிவிட்ட பக்கம் ஓடியது. ஊர்க்காரர்களுக்கு இதில் வாயைப் பிளக்க ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை தலைமுறையாக இந்தக் கரட்டில் ஏறி ஏறி கால்மூட்டைத் தேய்த்ததற்கு ஊர்ச்சாமி கரட்டாத்தாள் கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வெள்ளைக்கரடு அடியிலிருந்து முடி வரைக்கும் சுண்ணாம்புக்கல். அதை வெட்டி லாரியில் ஏற்றிச் சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூளைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் பொன்னுரங்கம் என்ற மைன்ஸ்காரர். அவர் லாரிகள் ஓடின காலத்தில் கோணவலசில் வேப்பிலையும் வெள்ளை, காக்காயும் வெள்ளை, இட்லி மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். ஏறவேண்டிய இடத்தில் இறங்கவும், இறங்கவேண்டிய இடத்தில் மேலும் இறங்கவும் பழகாத அந்த லாரிகள் பிரேக் புகைய ஓடி, ஒன்று இந்தப் பக்கப் பள்ளத்திலும் ஒன்று அந்தப் பக்கப் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொண்டன. குதித்துத் தப்பித்த டிரைவர்கள் சாவியைப் பொன்னுரங்கத்தின் மேஜைமேல் வைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போனார்கள். சந்தையிலிருந்து ஒரு இன்ஜினியர் முக்காலியும் குழாய்க் கண்ணாடியும் கொண்டுவந்து, இந்தப் பக்கமிருந்து பார்த்து இறங்குகிறது என்று எழுதிக்கொண்டார், அந்தப் பக்கமிருந்து பார்த்து அதுவும் இறங்குகிறது என்று எழுதிக்கொண்டார், இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, சாலை நல்ல நிலையில் உள்ளது என்று அறிக்கை கொடுத்து, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

லாரி நின்றது, மொபெட்டும் நின்றது. இறக்கத்திலேயே போய் இறக்கத்திலேயே வருகிற ரோட்டுக்குப் பெட்ரோல் ஊற்றுகிறவன் கிறுக்கன் என்று கொட்டகைகளில் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள்களைக் கீழே இறக்கித் துடைத்தார்கள். தொல்லையும் இல்லாமல் இல்லை. முன்னெல்லாம் புருஷனோடு சண்டை போட்டால் அம்மா வீட்டுக்குப் போகக் கரடு ஏற வேண்டுமே என்று யோசித்துச் சமாதானமான பெண்கள், இப்போது ரசத்தில் உப்பு கூடிப்போச்சு என்று சொன்னாலே பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்தார்கள். சந்தையில் குடித்துவிட்டு ஏற முடியாமல் அங்கேயே விழுந்து கிடந்த ஆண்கள் இப்போது ராத்திரிக்கு ராத்திரி ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தார்கள். அதில் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி ஒருத்தியும் இல்லை. மூட்டுவலித் தைலம் விற்றவர் கடையைக் காலி செய்துகொண்டு வேறு மலையைத் தேடிப் போனார்.

இந்த ரோட்டால் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஏதோ கொஞ்சம் கிடைத்தது என்றால், பாவாயிக்கு மட்டும் எல்லாமே கிடைத்தது. முப்பத்தைந்தைத் தாண்டியவள்; சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலதுகால் சூம்பிப்போய், முட்டிமேல் கையை ஊன்றி ஊன்றி நடக்கிறவள்; அண்ணன் குழந்தைவேலுவின் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் கத்தரியைவிட நாக்கு கூர் என்பார்கள், அது பொய்யில்லை. ஆனால் அந்த நாக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் மழுங்கிவிடும். சந்தைக்குப் போய் நூல் வாங்கவேண்டும் என்றால் அண்ணனிடம் கேட்கவேண்டும், ‘என்னைக் கொஞ்சம் வண்டியில கூட்டிட்டுப் போறீங்களாண்ணா’ என்று. அண்ணன் கெட்டவர் இல்லை, அதனால் முடியாது என்று சொல்லமாட்டார், ‘அதுக்கென்னம்மிணி, நாளைக்குப் பாக்கலாம்’ என்பார். அந்த நாளைக்கு வருஷத்தில் இரண்டு தடவை வரும். நூல் வாங்கி முடித்ததும், ‘ஆச்சா, கெளம்பலாமா’ என்று வண்டியைத் திருப்பிவிடுவார், ஒரு டீ குடிக்கலாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வராது.

ரோடு மாறின நாலாம் நாள், பாவாயி நங்கையாவின் பழைய சைக்கிளை, அதாவது அண்ணன் பெண்டாட்டி சீர்வரிசையில் கொண்டுவந்து ஒருநாளும் ஓட்டாத சைக்கிளை, காற்றடிக்கச் சொல்லி வாங்கினாள். ஏறி உட்கார்ந்து நல்ல காலால் தரையை ஒரு உந்து உந்தினாள், அவ்வளவுதான். பெடல்மேல் சும்மா வைத்திருந்த இரண்டு காலும் ஒரே மாதிரித்தான் இருந்தன, எது சூம்பினது எது சூம்பாதது என்று சைக்கிள் கேட்கவில்லை. அன்றைக்குச் சந்தையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்தாள், அது தீர்ந்ததும் இன்னொரு டீ குடித்தாள், வளையல் கடையில் எல்லா வளையலையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தாள். திரும்பி வருகிற வழியில் கணவாயில் காற்று முகத்தில் அடித்தபோது அழுகை வந்தது, அழுதாள், துடைத்துவிட யாரும் இல்லாததும் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த மாதமே சந்தையில் ஒரு நைட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் யாரையும் கேட்காமல் போவாள், பொழுதோடு யாரையும் கேட்காமல் திரும்புவாள். அவளுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒறம்பரைகள், அதாவது வெளியூர் விருந்தாளிகள், வந்தார்கள். வண்டி வாகனம் இல்லாத மலைரோடு, லாரி இல்லை, ஹாரன் இல்லை, வெள்ளை வெளேரென்று சரளைக்கல், இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை என்று யாரோ போனில் படம் போட்டுவிட, கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் கூரைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கிராவல் பைக் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு மாரப்பன் குனிந்து இஞ்சினைத் தேடினார். ஒரு ஜோடி எருமையின் விலை அந்தச் சைக்கிளுக்கு என்று தெரிந்த பிறகு, அதில் கேரியர்கூட இல்லையே என்று வருத்தப்பட்டார். அவர்கள் தோலோடு ஒட்டின சட்டை போட்டிருந்தார்கள், தலையில் ஓட்டை போட்ட சட்டி மாதிரி ஒன்று கவிழ்த்திருந்தார்கள், கம்பங்கூழை போட்டோ எடுத்துவிட்டுக் குடித்தார்கள், மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டையும் ஒருவர் ஆரோக்கியமானதா என்று விசாரித்தார். ஊர்த்தலைவர் அத்தப்பன் கால நேரம் அறிந்தவர். ஒரே வாரத்தில் ‘வாகனம் இல்லா மலைப்பாதை’ என்று வளைவு வைத்து, அந்தப் பக்கம் ஒரு கேட், இந்தப் பக்கம் ஒரு கேட் போட்டு, இஞ்சின் வைத்த எதுவும் உள்ளே வரக்கூடாது என்று தீர்மானமும் போட்டுவிட்டார். எப்படியும் வராத வண்டியைத் தடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. அண்ணன் குழந்தைவேலுவும் மொபெட்டை விற்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு ஒறம்பரைகளைத் தங்கவைத்தார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் மாதம் ஒறம்பரைகள் முகம் சுருங்கியது. அவர்களில் பெரிய கூட்டத்துக்குக் கரடுமுரடு ரைடர்ஸ் என்று பேர், அதற்குத் தலைவர் நிரஞ்சன். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஏழு பேரை அழவைக்கிற பதவி, நல்ல வளர்த்தி, சிரித்தால் பல்லெல்லாம் தெரியும். அவர் ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ரோடு சூப்பர், அமைதி சூப்பர், உங்க கூழும் சூப்பர். ஆனா ஏத்தமே இல்லாம நாங்க என்னங்க பண்றது? இவ்வளவு தூரம் ஓட்டினா போன் ஆப்புல ஏறின எலிவேஷன் ஜீரோன்னு காட்டுது. ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. கஷ்டப்படாம ஓட்டினா அது ரைடே இல்லீங்க.”

“கஷ்டந்தான் வேணும்னா எங்க தோட்டத்துல ரெண்டு ஏக்கரா களையெடுக்காமக் கெடக்குதுங்களே,” என்றார் மாரப்பன்.

“அது இல்லீங்கண்ணா. இது வேற கஷ்டம்.”

வேறு கஷ்டம் என்றால் என்ன என்று ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் மண்டையைச் சொறிந்தார்கள். புரியவில்லை, ஆனால் ஏற்றம் இல்லை என்றால் இவர்கள் அடுத்த மாதத்திலிருந்து நீலகிரிப் பக்கம் போய்விடுவார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஓலைக் கொட்டகைகள் காலியாகும். அத்தப்பன் தொண்டையைச் செருமினார்.

பாவாயி முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். “ஏனுங்க தலைவரே, ஏத்தம் வேணும்னா இவிங்களுக்கு நாட்டுல வேற மலையே இல்லீங்களா? நாம ஏறி ஏறிச் செத்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்பத்தான் ஒரு ரோடு நமக்குன்னு எறங்கி வந்திருக்குது. இது திரும்ப ஏத்தமாச்சுன்னா நான் ஊட்டுக்குள்ள போயி உக்காந்துக்கோணும். எனக்குக் கம்பெனி போச்சு, சந்தை போச்சு, எல்லாம் போச்சு. அதைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

நிரஞ்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். “அக்கா, நீங்கதான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்,” என்று அவளோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்ற பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த விசேஷத்தில் அவளுக்குத் தன்னம்பிக்கைச் சுடர் என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கேடயம் கனமாக இருந்தது. நைட்டித் துணி பறக்காமல் இருக்க அதை மேலே வைத்துக்கொண்டாள்.

முடிவு எட்டாத எந்த விஷயத்துக்கும் கோணவலசில் வழக்கம் ஒன்றுதான். கரட்டின் உச்சியில் இருக்கிற கரட்டாத்தாளிடம் பூ கேட்பார்கள்: வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாக இலையில் கட்டி ஆத்தாள் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு பெண் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. ஏற்றம் திரும்ப வரட்டுமா தாயே என்று பூசாரி கேட்டார், குழந்தை எடுத்தது, பிரித்தால் சிவப்பு. பாவாயிக்கு உயிர் வந்தது. ஆத்தாளுக்கும் ஏறி இறங்கி அலுத்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அத்தப்பன் மூன்று முறை தலைவராக ஜெயித்தவர். அவர் சிவப்புப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஆத்தா ஏத்தம் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கா. கஷ்டம் வேண்டாம்னு சொல்லலியே,” என்றார்.

அப்படித்தான் பரம்பு வந்தது. உழுத சேற்றைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கிற அந்தப் பலகையைக் கோணவலசுக்காரர்கள் சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, அதன்மேல் ஒரு சுண்ணாம்புக்கல்லை ஏற்றி வைத்தார்கள். சக்கரம் உருளுகிற ரோட்டில் பலகை உருளாது; எத்தனை இறக்கமாக இருந்தாலும் சரளைக்கல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், இழுத்தால்தான் வரும். நிரஞ்சன் முதல் கல்லைச் சந்தை வரைக்கும் இழுத்துவிட்டு, வாயில் நுரை தள்ள, தொடை நடுங்க, ரோட்டோரம் படுத்து வாந்தி எடுத்துவிட்டு, இதுதான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வந்தார்கள். மைன்ஸ்காரர் பொன்னுரங்கம் சேவை மனப்பான்மையோடு கல்லை இலவசமாகவே வெட்டிக் கொடுத்தார். போய்ச் சேர்கிற இடத்தில் எடை மேடை போட்டு, அதிகம் இழுத்தவருக்கு மெடல் கொடுத்தார். மெடலுக்கு ஆன செலவை நுழைவுக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார். டீசல் இல்லை, டிரைவர் இல்லை, டயர் தேய்மானம் இழுக்கிறவரோடது. லாரி வைத்து இத்தனை வருஷம் முட்டாளாக இருந்துவிட்டேனே என்று அவர் அத்தப்பனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒரு லாரி இரண்டு நடை அடிக்கும், பிறகு டிரைவர் சாப்பிடப் போவார். கரடுமுரடு ரைடர்ஸ் சாப்பிடப் போகவில்லை. அவர்கள் போட்டி போட்டார்கள், போட்டியை மாரத்தான் ஆக்கினார்கள், கம்பெனி கம்பெனியாக அணி கட்டி வந்தார்கள், குடும்பத்தோடு வந்து குழந்தைகளுக்குச் சின்னக் கல்லாகக் கட்டிவிட்டார்கள், பிறந்தநாளுக்கு வயதுக்கேற்ற எடை இழுத்தார்கள், மனைவி விட்டுப்போனவர்கள் தனியாக வந்து அழுதுகொண்டே இழுத்தார்கள். அவர்கள் இழுக்க இழுக்கக் கரடு குறைந்தது. முதலில் உச்சி போயிற்று. கரட்டாத்தாளைப் பாலாலயம் செய்து, எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே கூட்டம் அதிகம், ஆத்தாளுக்கும் வருமானம்தான் என்று பூசாரி சமாதானம் சொன்னார்.

கரடு குறையக் குறைய இறக்கமும் குறைந்தது. அதை ஊரில் வேறு யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் மற்றவர்களுக்கு இரண்டு மிதி மிதித்தால் சரியாகிவிடும். பாவாயிக்குத் தெரிந்தது. முன்னே கோணவலசில் ஒரு உந்து உந்தினால் சந்தையில்தான் கால் ஊன்றுவாள். பிறகு கணவாயில் ஒரு தடவை ஊன்றவேண்டி வந்தது, பிறகு ஒவ்வொரு வளைவிலும். பொழுதோடு கிளம்பினால் இருட்டும்போதுதான் வீடு வந்தாள். தலைவரிடம் போய்ச் சொன்னாள். “உனக்கு மனசுல தைரியம் எச்சு அம்மிணி, நீ சமாளிச்சுக்குவே,” என்று அவர் கேடயத்தை ஞாபகப்படுத்தினார். அண்ணனிடம் சொன்னாள். ஓலைக் கொட்டகையில் ஒறம்பரைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அவர், “அதுக்கென்னம்மிணி, நாளைக்குப் பேசலாம்,” என்றார். பாவாயிக்குப் பயம் வந்தது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாமல், முன்னறையின் நாலு சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கடைசியில் கரடு இருந்த இடத்தில் ஒரே ஒரு கல் மிச்சமிருந்தது. ஒரு தேர்ச்சக்கரம் அளவு இருக்கும். அதற்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, மேளம் வைத்து, நிரஞ்சனும் இன்னும் மூன்று பேரும் நாலு சைக்கிளைச் சேர்த்துக் கட்டி இழுப்பதாக ஏற்பாடு. அன்று காலை பாவாயி வழக்கத்துக்கு முன்னாலேயே கிளம்பி, உந்தி உந்தி அந்த இடத்துக்கு வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மாலையை ஒதுக்கிக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எறங்கும்மிணி, ஊரே பாக்குதல்ல,” என்றார் அண்ணன்.

“பாக்கட்டும். இந்தக் கல்லும் போச்சுன்னா ரோடு படுத்துக்கும். அப்புறம் எங்க போறதுன்னாலும் உங்களைத்தான் கேக்கோணும். நீங்க நாளைக்குன்னு சொல்லுவீங்க. எறங்கமாட்டேன்.”

மேளக்காரர் நிறுத்திக்கொண்டார். அத்தப்பன் கையைப் பிசைந்தார், பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார், நங்கையா மட்டும் கூட்டத்தின் ஓரமாக நின்று, நல்லா உக்காரு என்பது போலத் தலையசைத்தாள். நிரஞ்சன் கல்லைச் சுற்றி ஒரு நடை வந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

“எறங்க வேண்டாம்க்கா. அப்படியே உக்காந்துக்குங்க,” என்றார். தம் ஆட்களைப் பார்த்துத் திரும்பி, “கல்லு பிளஸ் அக்கா. எக்ஸ்ட்ரா வெயிட்,” என்றார்.

கூட்டம் கை தட்டியது. பரம்புமேல் ஆள் ஏறினால் எடை கூடும் என்பது கோணவலசில் மாட்டுக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஊர்க்காரர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. பாவாயி என்ன சொன்னாள் என்பது யார் காதிலும் விழவில்லை. கல் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது, கல் கடந்து போன இடமெல்லாம் ரோடு முதுகை மெதுவாக நிமிர்த்திக்கொண்டிருந்தது. கரடு இருந்த இடம் வெறும் இடமாக இல்லை, பொன்னுரங்கம் அடியிலும் ஒரு கைப்பிடி விடாமல் தோண்டியிருந்ததால் அது பெரிய குழி; மலை குழியாகத் திரும்பின கணக்குக்குச் சரியாக, ரோடும் திரும்பி, போகும்போதும் ஏற்றம் வரும்போதும் ஏற்றம் என்று ஆகிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் யாரையும் கேட்காமல் போய் வந்தவளை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

எடை மேடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “கல்லு எவ்வளவு, அம்மிணி எவ்வளவுன்னு பிரிச்சுப் போடோணுமுங்களா?”

“சேர்த்தே போடுங்க,” என்றார் நிரஞ்சன், தரையில் மல்லாந்து கிடந்தபடி. அது அவர் சாதனைகளிலேயே பெரிய சாதனை. எழுந்து வந்து தம் கழுத்து மெடலைக் கழற்றிப் பாவாயியின் கழுத்தில் போட்டு, “உங்களாலதான்க்கா,” என்றார்.

“சரிங் தம்பி. இனி நான் ஊட்டுக்கு எப்படிப் போறதுங்க?”

அவர் ரோட்டைப் பார்த்தார். அது அவர் முன்னால் ஏணி போல நிமிர்ந்து நின்றது. “ட்ரை பண்ணுங்கக்கா. மனசு வெச்சா ஏறிடலாம்,” என்றார், உண்மையாகவே, அன்போடு.

பாவாயிக்கு அவர் மூஞ்சியில் ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை, ரோட்டின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது, பந்திக்கு முன்னால் வாசலில் நிற்கிறவன் உள்ளே எட்டிப் பார்ப்பதைப் போல. அவள் கோபத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். கல்லை மட்டும் கீழே தள்ளச் சொல்லிவிட்டு, காலியான பலகைமேல் நன்றாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இவ்வளவு ஏத்தத்துல இதுவரைக்கும் ஒரு ஆளை ஒருத்தரும் இழுத்ததில்லீங்களாமா?” என்றாள்.

யாரும் இழுத்ததில்லை. நிரஞ்சன் எச்சிலை விழுங்கினார்.

“பொழுதோட எனக்குக் கம்பெனி விட்டுரும்,” என்றாள் பாவாயி. “வாறதுன்னா வாங்க. இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

இரண்டு பக்கமும் ஏற்றமாக இருக்கிற ரோடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்ற செய்தி பரவி, கரடுமுரடு ரைடர்ஸ் ஆயிரம் பேர் ஆனார்கள். பொன்னுரங்கம் கல் தீர்ந்துவிட்டதால் வேறு கரடு பார்க்கப் போய்விட்டார். கேட்டைத் திறந்து மொபெட்டை விடுங்கள் என்று ஊர்க்காரர்கள் அத்தப்பனிடம் போனபோது, தீர்மானம் போட்டது போட்டதுதான், வாகனம் வந்தால் ஒறம்பரைகள் வருத்தப்படுவார்கள் என்று அவர் கையை விரித்தார். ஆனால் பாவாயி காலையில் பரம்பில் போகும்போது, பக்கத்தில் மாரப்பனின் இரண்டு பால் கேன்களும் இருந்தன. அது எதற்கு என்று இழுக்கிறவர் மூச்சு வாங்கக் கேட்டதற்கு, “எடைக்கு,” என்றாள். அடுத்த வாரம் தேங்காய் மூட்டைகள் எடைக்கு வந்தன. பிறகு சிமெண்ட் மூட்டை, புண்ணாக்கு, சீர்வரிசைக் கட்டில், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மாசமான பெண்கள், சந்தையில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற ஆண்கள் எல்லாம் எடைக்கு வந்தார்கள். ஒறம்பரைகளுக்கு இதுவரை கிடைக்காத கஷ்டமெல்லாம் வகை வகையாகக் கிடைத்தது, அவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் விடிந்தால் குழந்தைவேலுவின் வீட்டு முன்னால் தோலோடு ஒட்டின சட்டை போட்ட பத்துப் பேராவது நிற்கிறார்கள். பாவாயி தலையை வாரி முடித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வெளியே வருகிறாள். “அக்கா, இன்னைக்கு நான் இழுக்கட்டுமா?” என்று ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறான், பெங்களூர்ப் பையன், ஏதோ பெரிய கம்பெனிக்கு முதலாளியாம். சந்தையில் உழவு மாடு வாங்குகிறவர்கள் செய்வது போலவே அவள் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தொடையைப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

“பல்லைக் காட்டுங்க கண்ணு,” என்கிறாள்.

அவன் காட்டுகிறான்.